முதல் ரோடு சைக்கிள்: முப்பதாயிரத்துக்குள் எதை எடுக்கலாம்? வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த சைக்கிள் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைப் பற்றியவை: வேலைக்கோ கல்லூரிக்கோ தினமும் போய்வர, குறைந்த செலவில் முதல் ரோடு சைக்கிள் வாங்குவது. பந்தய வண்டிக்கான கணக்கு வேறு, தினமும் ஓட்டும் வண்டிக்கான கணக்கு வேறு. கீழே உள்ள பதில்கள் தினமும் ஓட்டுபவர்களுக்கானவை.

கேள்வி: வணக்கமுங்க. சூலூரிலிருந்து சிங்காநல்லூரில் இருக்கும் பம்ப் கம்பெனிக்குத் தினமும் போய்வர வேண்டும். ஒரு வழி சுமார் 12 கி.மீ. கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரோடு பைக் எடுப்பதா, நேர் ஹேண்டில்பார் ஹைப்ரிட் எடுப்பதா? கடையில் 21 கியர் வண்டியைக் காட்டி, இதையே எடுங்கள் என்கிறார்கள்.
– வாசகர், சூலூர்

பதில்: முப்பதாயிரத்தையும் வண்டியிலேயே போட்டுவிடாதீர்கள். ஹெல்மெட், முன் விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, பூட்டு, மட்கார்டு, கைப் பம்பு, மாற்று டியூப் இரண்டு, டயர் நெம்பி மூன்று என்று சேர்த்தால் 5,000 முதல் 6,000 வரை போய்விடும். ஷிப்ட் முடிந்து இருட்டில் திருச்சி ரோட்டில் வரவேண்டியவருக்கு இவற்றில் எதையும் தள்ளிப்போட முடியாது. ஆக, வண்டிக்கு 24,000. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. பழைய எம்.ஆர்.பி. ஸ்டிக்கரோடு நிற்கும் வண்டியை எடுத்தால், பில்லில் வரி எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து வாங்குங்கள்.

இந்தத் தொகைக்குள் எங்கள் தேர்வு ஹைப்ரிட். வளைந்த ஹேண்டில்பாருக்குப் பிரேக்கும் கியரும் ஒன்றாகச் சேர்ந்த லீவர் வேண்டும். நேர் ஹேண்டில்பாரில் மாட்டும் லீவரைவிட அது நன்றாகவே விலை கூடியது. 24,000-க்குள் ரோடு பைக் செய்பவர்கள் அந்தச் செலவைச் சக்கரத்திலும் பிரேக்கிலும் டயரிலும் குறைத்து ஈடுகட்டுவார்கள். சில மலிவு வண்டிகளில் அந்த லீவரே இருக்காது; கியர் லீவரை ஹேண்டில்பாரின் நடுவே, அதை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம் என்ற துண்டின் பக்கத்தில் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் ஒரு கை பிரேக்கை விட்டு வந்தாக வேண்டும். ஒண்டிப்புதூர், சிங்காநல்லூர் நெரிசலில் அப்படி ஓட்டக் கூடாது.

கடையில் கியரை எண்ணுவதற்கு முன் குனிந்து டயரைப் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் 700×23, 700×28, 700×35 என்று எழுதியிருக்கும். பின்னால் வரும் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். பாதாள சாக்கடைக்குத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளமும், பெயின்ட் அழிந்த வேகத்தடையும், கம்பி இடைவெளி நீளவாக்கில் இருக்கும் மழைநீர் மூடியும் வருகிற வழிக்கு 32 மி.மீ. தேவை. 28-க்குக் கீழே போகவே வேண்டாம். இப்போது மாட்டியிருக்கும் டயரைவிட, எவ்வளவு அகலம் வரை மாட்ட இடமிருக்கிறது என்பது முக்கியம். டயரை மாற்றிவிடலாம், ஃபிரேமை மாற்ற முடியாது. டயருக்கும் ஃபிரேமுக்கும் இடையே இரண்டு பக்கமும் 5 மி.மீ. இருக்கிறதா, மேலே மட்கார்டு நுழைய இடம் இருக்கிறதா, முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் அடியிலும் பின் அச்சு மாட்டும் இடத்திலும் மட்கார்டு, கேரியர் போல்ட்டுக்குத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். துளை இல்லாத ஃபிரேமில் கிளிப் வைத்துக் கட்டிய மட்கார்டு நாலு நாளில் ஆடத் தொடங்கிவிடும்.

முன் ஃபோர்க்கில் ஷாக் வைத்ததை விட்டுவிடுங்கள். இந்த விலையில் வரும் ஷாக், சாதாரண ஃபோர்க்கைவிட ஒரு கிலோவுக்கு மேல் கனம் கூட்டும். நின்று மிதிக்கும்போது உங்கள் பலத்தில் ஒரு பங்கை அதுவே விழுங்கும். குண்டும் குழியும் உள்ள தார்ரோட்டுக்குச் சரியான காற்று அடித்த 32 அல்லது 35 மி.மீ. டயரே போதுமான ஷாக்.

21 கியர் என்பது முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரம் (செயின்வீல்) 3, பின்னால் 7. செயின்வீல் 28, 38, 48 பல், பின்னால் 14 முதல் 28 பல் என்று பெரும்பாலும் வரும். முன்னால் 28, பின்னால் 14-இல் மிதித்தாலும், முன்னால் 48, பின்னால் 24-இல் மிதித்தாலும் ஒரு மிதிக்குச் சக்கரம் சரியாக இரண்டு சுற்றுதான். இப்படிப் பல கியர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். சூலூர் – சிங்காநல்லூர் வழியில் மேம்பாலம் தவிரப் பெரிய ஏற்றம் கிடையாது. முன்னால் ஒரே 44 பல் செயின்வீல், பின்னால் 14–28 இருந்தாலே, நிமிடத்துக்கு 80 மிதியில் மணிக்கு 32 கி.மீ. வரை போகலாம். முன்னால் ஒன்று அல்லது இரண்டு செயின்வீல் உள்ள வண்டியைத் தேடுங்கள். கெட்டுப்போக உள்ள பாகமும் ஒன்று குறையும்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். இன்று ஹைப்ரிட் எடுத்து, பிறகு வளைந்த ஹேண்டில்பார் மாற்றிக்கொள்ளலாம் என்ற திட்டம் சரிவராது. ஹைப்ரிட்டின் மேல்குழாய் ரோடு ஃபிரேமைவிட நீளம். வளைந்த ஹேண்டில்பார் இன்னும் முன்னால் நீள்வதால் கை எட்டாது. லீவர், கம்பி, சில சமயம் பிரேக் வரை எல்லாமே புதிதாக வாங்க வேண்டிவரும்.

கேள்வி: உடுமலையிலிருந்து மேற்கே 9 கி.மீ. தள்ளி ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். மற்ற மாதங்களில் 30 நிமிடம். ஆனி, ஆடி வந்தால் காலையில் 45 நிமிடம் ஆகி, வியர்த்து நனைந்துதான் வகுப்புக்குப் போகிறேன். ரோடு பைக் எடுத்தால் தீருமா?
– ஆசிரியர், உடுமலைப்பேட்டை

பதில்: முழுதாகத் தீராது, ஆனால் நன்றாகவே குறையும். எங்கள் ஹைப்ரிட் பரிந்துரைக்கு உங்கள் ஊர் ஒரு நியாயமான விதிவிலக்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று உங்கள் பக்கம் காற்றாலைகளை ஓட்டும் காற்று. காற்றின் எதிர்ப்பு, நீங்கள் கிழிக்கும் காற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். காற்று இல்லாத நாளில் 20 கி.மீ. வேகம் என்றால் உடம்பில் மோதுவதும் 20. எதிரே 15 கி.மீ. காற்று அடித்தால் அதே வேகத்தில் மோதுவது 35, எதிர்ப்பு மூன்று மடங்கு. அதனால் முதல் விடை கியரில் இருக்கிறது: ஆடியில் 20-ஐப் பிடிக்கப் பார்க்காதீர்கள். இரண்டு பல்சக்கரம் இலகுவாக இறக்கி, மிதி எண்ணிக்கையை நிமிடத்துக்கு 75–80 என்று வைத்துக்கொண்டு, எவ்வளவு வேகம் வருகிறதோ அதிலேயே போனால் வியர்வை குறையும்.

அடுத்தது உடம்பின் நிலை. இருக்கிற வண்டியிலேயே ஸ்டெம்முக்குக் கீழே உள்ள ஸ்பேசர் வளையங்களில் ஒன்றிரண்டை மேலே மாற்றினால் ஹேண்டில்பார் 1 முதல் 2 செ.மீ. இறங்கும். முழங்கையை மடக்கி ஓட்டினால் மார்பில் மோதும் காற்று குறையும். இடுப்புக்கு மேல் பறக்கும் சட்டை, முதுகில் உப்பிய பை இரண்டும் பாய்மரமாகிவிடும். பையைக் கேரியரின் பக்கவாட்டில் தொங்கவிடுங்கள். இவ்வளவு செய்தும் போதவில்லை, 9 கி.மீ. தினமும் எதிர்காற்று என்றால், வளைந்த ஹேண்டில்பாருக்குக் காசு போடலாம். வாங்கினால் உயரமான ரிம், அதாவது 40 மி.மீ.-க்கு மேல் ஆழம் உள்ளதை எடுக்காதீர்கள். உடுமலைப் பக்கம் காற்று எப்போதும் நேர் எதிரே வராது. பக்கவாட்டில் அடிக்கும்போது, அதுவும் லாரி ஒன்று காற்றை மறைத்துவிட்டு விலகும் நொடியில், அந்த ரிம் முன் சக்கரத்தை ஒரு முழம் தள்ளிவிடும்.

கேள்வி: ரோடு சைக்கிள் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. அடிக்கடி பஞ்சர். பல்லடத்தில் கடைக்குப் போனால் 28 இன்ச் டியூப் இருக்கு, டயர் இருக்கு, போட்டுத் தரட்டுமா என்கிறார்கள். போடலாமா?
– வாசகர், பல்லடம்

பதில்: டயரைப் போட வேண்டாம், ஏறாது. நம் ஊரில் பால்காரர் ஓட்டும் பெரிய சைக்கிளின் 28×1½ டயர் 635 மி.மீ. விட்டமுள்ள ரிம்முக்கானது. டயரில் 700 என்று எழுதியிருக்கும் உங்கள் ரோடு சைக்கிளின் ரிம் (700சி) 622 மி.மீ. இரண்டையும் 28 என்று சொல்வதுதான் குழப்பத்துக்குக் காரணம். டயர் சுவரில் 32-622 என்பது போல ஒரு எண் இருக்கும். அந்த 622-ஐக் காட்டிக் கேளுங்கள். 29 இன்ச் எம்.டி.பி. (மலைப்பாதை சைக்கிள்) ரிம்மும் 622-தான், அதனால் அவசரத்துக்கு அந்த வரிசையில் ஒல்லியான டயர் கிடைத்தால், உங்கள் ஃபிரேமில் இடமிருந்தால் போடலாம். டியூபில் அகல வரம்பு எழுதியிருக்கும், உங்கள் டயர் அகலம் அந்த வரம்புக்குள் வர வேண்டும்.

இனி பஞ்சருக்கு வருவோம். ஒட்டிவிட்டு அப்படியே மாட்டாமல், ஓட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காரணத்தை ஓட்டையே சொல்லிவிடும்.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை என்றால் காற்று குறைவு. பள்ளத்தில் இறங்கும்போது ரிம் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. 70 கிலோ எடை உள்ளவருக்கு 28 மி.மீ. டயரில் 70 முதல் 80 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு), 32-இல் 55 முதல் 65, 35-இல் 45 முதல் 55 தேவை. பின் சக்கரத்துக்கு முன்னதைவிட 5 கூட. டயர் சுவரில் எழுதிய உச்ச அளவைத் தாண்டக் கூடாது. ஒல்லி டயரில் காற்று தானாகவே இறங்கும், வாரம் ஒரு முறை அழுத்தமானி வைத்த பம்பில் அடியுங்கள். விரலால் அமுக்கிப் பார்ப்பது 50-க்கும் 70-க்கும் வித்தியாசம் சொல்லாது.

வெளிப்பக்கம் ஒரே ஓட்டை என்றால் முள். சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். டியூபை மட்டும் ஒட்டி மாட்டினால் அதே முள் மறுநாளும் குத்தும். டயரின் உள்பக்கம் பஞ்சோ பழைய துணியோ வைத்து ஒரு சுற்றுத் தேயுங்கள், முள் இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். டியூபில் கிடைத்த ஓட்டை வால்வில் இருந்து எத்தனை விரற்கடை தள்ளி என்று அளந்து டயரிலும் அதே தூரத்தில் தேடினால் இன்னும் எளிது. இதற்காகவே டயரின் மேலே உள்ள கம்பெனிப் பெயரை வால்வுக்கு நேராக வைத்து மாட்டுவது நல்ல பழக்கம். வெயில் காலத்தில் முள் பாதைதான் கதி என்றால், ரப்பருக்கு அடியில் பாதுகாப்புப் பட்டை வைத்த டயர் வாங்குங்கள். கொஞ்சம் கனமாக உருளும், ஆனால் நடுவழியில் நிற்பது குறையும்.

உள்பக்கம், அதாவது ரிம்மைத் தொடும் பக்கம் ஓட்டை என்றால், ஸ்போக்ஸ் கம்பியின் தலையை மூடும் ரிம் நாடா நகர்ந்திருக்கிறது. அதே அகலத்தில் புது நாடா போடுங்கள். வால்வின் அடியில் கிழிந்திருந்தால், காற்று குறைவாக ஓட்டியதில் டியூப் உள்ளே நகர்ந்து வால்வு சாய்ந்திருக்கும். அதை ஒட்ட முடியாது, டியூபையே மாற்ற வேண்டும்.

வால்வு ஒல்லியாக, நுனியில் திருகும் சிறு குமிழோடு இருந்தால் அது பிரெஸ்டா. ரோட்டோரம் பைக்குக்குக் காற்றடிக்கும் குழாய் அதில் நேராகப் பிடிக்காது. பித்தளை அடாப்டர் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுவையுங்கள். லாரிக்கு அடிக்கும் கம்ப்ரஸரில் ஒல்லி டயரைக் கொடுத்தால் நொடியில் மிஞ்சிப்போய் வெடிக்கும், விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அனுப்பர்பாளையத்திலிருந்து திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன். உயரம் 152 செ.மீ. சுடிதார் போட்டு, தூக்குப்போசியும் கைப்பையும் எடுத்துப் போக வேண்டும். கடையில் காட்டும் ரோடு சைக்கிள் எல்லாம் பெரிதாக இருக்கிறது. லேடீஸ் சைக்கிள்தான் எடுக்கணுமா, அண்ணா?
– வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டியதில்லைம்மா. ஆனால் அளவு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள், சீட்டை இறக்கிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பெரிய ஃபிரேமைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். சீட்டை இறக்கினால் காலுக்குத்தான் சரியாகும். கை எட்டும் தூரம் அப்படியேதான் இருக்கும். கழுத்தும் தோளும் வலிப்பது அதனால்தான்.

வீட்டில் செருப்பில்லாமல் சுவரோடு சாய்ந்து நின்று, ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே சீட் போல மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்கச் சொல்லுங்கள். அதுதான் உள்கால் அளவு. உங்கள் உயரத்துக்கு 70 செ.மீ. பக்கம் வரலாம். அதை 0.67-ஆல் பெருக்கினால் ரோடு ஃபிரேமின் அளவு: 70-க்கு 47 செ.மீ. அதே 70-ஐ 0.883-ஆல் பெருக்கினால், பெடல் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை இருக்க வேண்டிய உயரம்: ஏறக்குறைய 62 செ.மீ. மேல்குழாயின் மேல் இரு கால் ஊன்றி நின்றால் 2 அல்லது 3 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். சாய்ந்த மேல்குழாய் வைத்த ஃபிரேம் உங்களுக்கு எளிது.

47, 48 அளவு ஃபிரேமில் 700சி சக்கரம் மாட்டும்போது ஒரு சிக்கல் வரும். மெதுவாகத் திரும்பும்போது கால் கட்டைவிரல் முன் சக்கரத்தில் இடிக்கும். மட்கார்டு போட்டால் இன்னும் கூடும். கடையிலேயே சீட்டில் உட்கார்ந்து, பெடலை முன்னால் கிடையாக வைத்து, ஹேண்டில்பாரை முழுவதும் திருப்பிப் பாருங்கள். இடித்தால் அந்த வண்டி வேண்டாம். திருப்பூர் சந்துகளில் அடிக்கடி திரும்ப வேண்டிய உங்களுக்கு 26 அல்லது 27.5 இன்ச் சக்கரமும் கட்டை இல்லாத வழவழப்பான டயரும் வைத்த ஹைப்ரிட் பொருந்தும். சக்கரம் சிறிதானால் வேகம் போய்விடும் என்பது பயம் மட்டுமே. உங்கள் தூரத்தில் தெரியாது. பெடல் மாட்டும் தண்டான கிராங்கின் நீளம் 170 மி.மீ.-க்குப் பதில் 165 அல்லது 160 கிடைத்தால் முழங்காலுக்கு நல்லது. கை இன்னும் எட்டவில்லை என்றால் 100 மி.மீ. ஸ்டெம்மை 70-க்கு மாற்றித் தரக் கேளுங்கள். வாங்கும்போது கேட்டால் பல கடைகளில் கையோடு மாற்றித் தருவார்கள்.

சுடிதாருக்குச் செயின்வீலின் வெளிப்பக்கம் பிளாஸ்டிக் வட்டு வைத்த வண்டி எடுங்கள், வலது கால் பக்கம் துணியைச் சுற்றி ஒரு பட்டை கட்டுங்கள். துப்பட்டாவைப் பையில் வைத்துவிட்டு ஓட்டுவதே பாதுகாப்பு. பின் சக்கரத்தில் சுற்றினால் கழுத்தை இழுத்துவிடும். தூக்குப்போசியை ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள். ஆடி ஆடி முன் சக்கரத்தைத் திருப்பும், ஸ்போக்ஸில் சிக்கினால் வண்டி குப்புறக் கவிழும். கேரியரில் கூடை வைத்து ரப்பர் கயிற்றால் இறுக்குங்கள்.

கேள்வி: கோபியில் கல்லூரி. பாதி வழி தடப்பள்ளி வாய்க்கால் கரை மண்பாதை, பாதி தார்ரோடு. ரோடு பைக் தாங்குமா?
– மாணவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: 38 அல்லது 40 மி.மீ. டயர் மாட்ட இடம் உள்ள வண்டி தாங்கும். நடுவில் வழவழப்பாகவும் ஓரத்தில் சிறு கட்டைகளோடும் இருக்கும் டயர் போடுங்கள், 40 முதல் 45 பி.எஸ்.ஐ. போதும். மழை பெய்த மறுநாள் கரையில் போகாதீர்கள். களிமண் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். அதனால் மட்கார்டுக்கும் டயருக்கும் இடைவெளி 10 மி.மீ.-க்குக் குறையாமல் வைத்து மாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ஈரோட்டில் ஒருவர் மூன்று வருடம் ஓட்டிய ரோடு பைக்கை 22,000-க்குத் தருகிறேன் என்கிறார். ஷிமானோ கிளாரிஸ் கியர், முன்னால் 2, பின்னால் 8. பெருந்துறை சிப்காட்டுக்கு ஓட்ட எடுக்கலாமா? என்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், பெருந்துறை

பதில்: கிளாரிஸ் தினமும் ஓட்ட நல்ல கியர். வளைந்த ஹேண்டில்பார்தான் வேண்டும், பட்ஜெட் குறைவு என்பவர்களுக்கு செகண்ட்ஹேண்ட்தான் நேர்வழி. ஆனால் முதலில் உங்கள் அளவு ஃபிரேமா என்று பாருங்கள், அளவு சேராவிட்டால் 10,000-க்குத் தந்தாலும் வேண்டாம். பில் இருக்கிறதா, அதில் உள்ள எண் பெடல் அச்சுக்கு அடியில் ஃபிரேமில் குத்தியிருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். பில் இல்லாத வண்டியைத் தொடாதீர்கள்.

பகல் வெளிச்சத்தில் வண்டியைத் துடைத்துவிட்டு, ஹேண்டில்பார் குழாய் ஃபிரேமில் சேரும் இடத்தின் அடிப்பக்கம், பெடல் அச்சைச் சுற்றி, சீட் குழாயின் வாய் மூன்றையும் பாருங்கள். பெயின்ட்டில் முடி போன்ற கோடு ஓடினால் விரலால் தடவுங்கள், நகம் மாட்டினால் விரிசல். அலுமினிய ஃபிரேமில் விரிசலுக்கு வெல்டிங் வைத்தாலும் நம்பி ஓட்ட முடியாது. ஹேண்டில்பார் குழாய் சேரும் அந்த இடத்துக்குக் கீழே பெயின்ட் சுருங்கியோ குழாய் லேசாகப் புடைத்தோ இருந்தால் முன்னால் பலமாக மோதிய வண்டி.

முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள், டக் டக் என்றால் ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் உள்ள ஹெட்செட் தளர்ந்திருக்கிறது. இறுக்கினால் போகலாம், குண்டு தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். 1, 2 மி.மீ. கோட்டத்தைக் கடையில் எடுத்துவிடலாம். ரிம்மில் பிரேக் கட்டை தேய்க்கும் பக்கம் விரலுக்குக் குழிவாகத் தெரிந்தால் ரிம் ஆயுள் முடிந்தது. சக்கரத்தையே மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவில் பேரம் அடிபட்டுப்போகும். சீட் கம்பியின் போல்ட்டைத் தளர்த்தி மேலும் கீழும் நகர்கிறதா என்று பாருங்கள், வருடக்கணக்கில் நகர்த்தாத கம்பி ஃபிரேமோடு பிடித்துவிடும். பின்னால் நின்று பார்த்தால் பின் கியர் மாற்றி பல்சக்கரத்துக்கு நேர்க்கீழே தொங்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்திருந்தால், அதை ஃபிரேமில் மாட்டும் ஹேங்கர் வளைந்திருக்கிறது. அதை நிமிர்த்தாமல் ஓட்டினால் முதல் கியர் போடும்போது ஸ்போக்ஸுக்குள் போய்ச் சக்கரத்தையே நாசமாக்கும்.

எல்லாம் சரி என்றாலும் செயின், டயர் இரண்டு, பிரேக் கட்டை, கம்பிகள் என்று 4,000 முதல் 6,000 வரை உடனே ஆகும் என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். டயர் ஓரத்தில் வெயிலில் வெடித்த கோடுகள் இருந்தால் இன்னும் குறையுங்கள். கடைசியாக, பிரேக்கின் கையிடைவெளியில் 28 மி.மீ. டயராவது நுழைகிறதா? 25-க்கு மேல் போகாது என்றால், சர்வீஸ் ரோட்டின் பெயர்ந்த விளிம்பையும் சிப்காட் உள்சாலைகளையும் நினைத்து அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

கேள்வி: டிஸ்க் பிரேக்கா, சாதா பிரேக்கா? எங்கள் பக்கம் மழை அதிகம்.
– வாசகர், ஆனைமலை

பதில்: கம்பி இழுத்து இயங்கும் மெக்கானிக்கல் டிஸ்க், அது பட்ஜெட்டில் இல்லையென்றால் ரிம்மை இரு நீண்ட கைகளால் பிடிக்கும் வி-பிரேக். ரிம்மைப் பிடிக்கும் எந்தப் பிரேக்கும் நனைந்தால் முதல் ஒன்றிரண்டு சுற்று தண்ணீரை வழித்த பிறகுதான் பிடிக்கும், மழையில் முன்கூட்டியே லேசாகப் பிடித்துப் பழகுங்கள். ரோடு பைக்கில் வரும் குட்டைக் கேலிப்பர் பிரேக் நன்றாகவே பிடிக்கும், ஆனால் அகல டயரும் மட்கார்டும் சேர்ந்து அதில் நுழையாது. மழை ஊருக்கு அது கடைசி. வி-பிரேக்குக்கும் கேலிப்பருக்கும் லீவர் இழுக்கும் கம்பி நீளம் வேறு, ஒன்றின் லீவரை மற்றதற்கு மாட்டினால் பிரேக் கெட்டியாக இருந்தும் பிடிக்காது, அல்லது லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிடும்.

மெக்கானிக்கல் டிஸ்க்கில் பெரும்பாலும் ஒரு பக்கப் பேடு மட்டுமே நகரும். தேயத் தேய உள்பக்கப் பேடைத் திருகி அருகே கொண்டுவர வேண்டும், மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது டிஸ்க்கைத் துணியால் மூடுங்கள். எண்ணெய் பட்ட பேடு கீச்சிடும், பிடிக்காது, மாற்றுவதே வழி. திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க்கின் பிடி அருமை. ஆனால் சிலவற்றுக்கு மினரல் ஆயில், சிலவற்றுக்கு டாட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே சீல் போய்விடும். அதற்கான கருவியும் பழக்கமும் உள்ள கடை பக்கத்தில் இருந்தால் எடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கினால் பெட்டியில் வருகிறது. நானே மாட்டலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: மாட்டலாம். மூன்று இடத்தில் கவனம். இடது பெடலின் மரை எதிர்த்திசை, முன்னோக்கித் திருகினால் வலதும் இடதும் ஏறும் என்று நினைவு வையுங்கள். முதல் நாலு சுற்று கையாலேயே திருகுங்கள், கோணலாக ஏறிய பெடல் அலுமினிய கிராங்கின் மரையை வழித்துவிடும். ஃபோர்க்கின் வளைவு முன்னால் பார்க்க வேண்டும். பெட்டியில் திருப்பி வைத்திருப்பதை அப்படியே மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஹேண்டில்பாரைப் பிடிக்கும் நாலு போல்ட்டையும் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக, பொதுவாக 5 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும்; ஸ்டெம்மில் வேறு எண் எழுதியிருந்தால் அதுவே கணக்கு. பிறகு வலது லீவர் எந்தப் பிரேக், இடது எந்தப் பிரேக் என்று தள்ளிக்கொண்டே சோதித்துவிட்டு ஏறுங்கள். முதல் 150 கி.மீ.-க்குள் கடையில் கொடுத்து ஸ்போக்ஸையும் கியர் கம்பியையும் ஒரு முறை இறுக்குங்கள். புதுக் கம்பி நீளும், புது ஸ்போக்ஸ் உட்காரும். இதைச் செய்யாத சக்கரத்தில்தான் பின்னால் வலது பக்க ஸ்போக்ஸ் ஒவ்வொன்றாக உடையும்.

உங்கள் எடை 85 கிலோவுக்கு மேல் இருந்தாலோ கேரியரில் சுமை ஏற்றுவதாக இருந்தாலோ, ஆர்டர் போடும் முன் பின் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) ஃப்ரீவீல் வகையா, அதாவது பல்சக்கரத் தொகுதி மரையில் திருகியதா, கேசட் வகையா, அதாவது ஹப்பின் மேல் செருகியதா என்று கேளுங்கள். 7 பல்சக்கரம் உள்ள ஃப்ரீவீல் ஹப்பில் வலது பக்கக் குண்டு உள்ளே தள்ளி இருப்பதால் அச்சு வளையும். வண்டி கையில் இருந்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம்: பல்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றுங்கள், நடுவில் கருவி மாட்டும் பள்ளமும் சேர்ந்து சுற்றினால் கேசட், அது நின்றால் ஃப்ரீவீல்.

கேள்வி: செயினுக்கு என்ன எண்ணெய்? பழைய இன்ஜின் ஆயில் விடலாமா?
– வாசகர், கரூர்

பதில்: வேண்டாம், தேங்காய் எண்ணெயும் வேண்டாம். இரண்டும் புழுதியை இழுத்துச் செயினை அரைக்கும் பசையாக்கும். சைக்கிள் செயினுக்கென்றே விற்கும் எண்ணெய் (லூப்) விடுங்கள், கோடையில் உலர் வகை, மழையில் ஈர வகை. செயினைத் துணியில் பிடித்துப் பின்னோக்கிச் சுற்றித் துடைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளியே இருப்பதைத் துடைத்துவிடுங்கள். தேய்மானம் பார்க்க ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால் அதற்கடுத்த 24-வது பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் வர வேண்டும். ஒன்றரை மி.மீ. தாண்டியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். 3 மி.மீ. தாண்டும்வரை விட்டால் புதுச் செயின் பழைய பல்லில் வழுக்கும், பின் பல்சக்கரத்தையும் சேர்த்தே வாங்க வேண்டிவரும்.